வளையத்துக்கு வெளியே

2018 டிசம்பர் விடுமுறையில் நான் மாலைதீவு போனேன். விமானச் சீட்டு எனது பழைய மாணவன் ஒருவனின் உழைப்பு. உல்லாசப் பயணிகளைத் தீவு தீவாக ஏற்றிச் செல்லும் பாய்மரத் தோணியொன்றில் அவன் சமையல்காரன். அந்தப் பயணத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. தண்டையலிடம் பேசி அதை எனக்காகக் கேட்டு வாங்கியிருந்தான்.

அவன் அழைத்தபோது மகிழ்ச்சியைவிடக் கூச்சமே அதிகமாக இருந்தது. 2003இல் பத்தாம் வகுப்பில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்த புதிது. கரும்பலகையில் ஒரு வளையம் கீறி, எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதைச் சுற்றிய முருகைக்கல் மேல்நோக்கி வளர்ந்து அத்தோல் உண்டாகிறது என்று டார்வின் சொன்னதை ஒப்புவித்தேன். பின்வாங்கிலிருந்து அவன் எழும்பினான்.

“சேர், நீங்க இதக் கண்டிரிக்கீங்களா?”

வகுப்பு சிரித்தது. நான் பிரம்பை எடுத்தேன். அடுத்த கிழமையிலிருந்து அவன் வரவில்லை. வாப்பாவோடு கடலுக்குப் போகிறான் என்றார்கள். நான் தேடிப் போகவில்லை.

தோணி அழகானது. அணியம் பிறைபோல் வளைந்து உயர்ந்து நின்றது. திவேஹி மொழியிலும் அதற்குப் பெயர் தோணிதான். தண்டையலுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சிறுவயதில் பாய்த்தோணியில் சூரை பிடிக்கப் போனவர். நமது சம்பலில் விழும் மாசி அந்தச் சூரைதான். அவித்து, புகையூட்டி, காயவைத்தது. 1974இலிருந்துதான் மீன்பிடித் தோணிகளுக்கு இயந்திரம் பூட்டத் தொடங்கினார்கள். அதற்கு முன்னர், காற்று விழுந்தால் துடுப்புத்தான். கரைக்கு வருமுன் மீன் பழுதாகிவிடும்.

“நாங்க தப்பி வந்த கஷ்டத்துக்கு இவங்க காசு குடுக்கிறாங்க” என்று அவர் சிரித்ததை என் மாணவன்தான் மொழிபெயர்த்தான். மேல்தட்டில் வெள்ளைக்காரர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது ‘மூல’ நடக்கிறது, வாடை பிறந்துவிட்டது என்றார் தண்டையல். ஆண்டை இருபத்தேழாகப் பிரித்து, பதின்மூன்று பதினான்கு நாட்களுக்கு ஒரு நட்சத்திரமாகக் காற்றையும் மழையையும் மீனையும் கணக்கு வைத்திருக்கிறார்கள். நமது மூலம், பரணி, ரோகிணி எல்லாம் அங்கே சிறிது உருமாறி இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் சொல்ல என் மாணவனுக்குத் தெரிந்திருந்தது. பரீட்சை எழுதாத பிள்ளை.

இரண்டாம் நாள் தென் மாலே அத்தோலைவிட்டு வாவு அத்தோலுக்குப் புறப்பட்டோம். இயந்திரத்தை நிறுத்திப் பாய் விரித்தார்கள். நான் கரும்பலகையில் கீறிய வளையத்தைத் தேடினேன். எங்கும் காணவில்லை.

“கண்ணால தேடாதீங்க சேர். காலால பாருங்க” என்றான் அவன்.

சற்று நேரத்தில், அதுவரை குளம்போலக் கிடந்த கடல் பலகைக்கடியில் எழும்பி விழத் தொடங்கியது. நிறம் கருநீலமாயிற்று. “இப்ப வளையத்துக்கு வெளியே வந்திட்டம்.” ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆடினோம். பிறகு பழுப்பு நிறத்தில் பார் தெரிந்தது, ஒரு வாய்க்காலூடாகத் தோணி நுழைந்தது, ஆட்டம் நின்றது. “இப்ப மற்ற வளையத்துக்குள்ள.”

பதினைந்து வருடமாக நான் படிப்பித்த பாடம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இரவு இஷாவுக்குப் பிறகு அவன் கோப்பை கழுவும் இடத்துக்குப் போனேன். அந்தப் பிரம்படியைச் சொல்லி, மாப்புக் கேட்டேன். கழுவிய கையை அவன் சாரத்தில் துடைத்தான்.

“அதெல்லாம் எப்பவோ சேர்” என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்:

“வாற ஜனவரி மகள ஒங்கட பள்ளிக்கூடத்திலதான் முதலாம் வகுப்பில சேக்கிறம். அவள் நிறையக் கேள்வி கேப்பாள், சேர்.”