எந்தத் தெரு?

“அத்த, அது சின்னக் காலேஜு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுமாம். எனக்கு அங்க ஒத்து வருமா? என்னைச் சேத்துக்குவாங்களா?”

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்து நிற்கிற என் அண்ணன் மகள் கேட்டாள். அவள் பாடத்துக்குப் பயப்படவில்லை. பீஸுக்கு அவளைவிட எங்க அண்ணன்தான் பயந்துகொண்டிருந்தது. அவள் பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. சேத்துக்குவாங்களா.

“போனா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. 2007ல் இதே கேள்வியோடு நானும் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனவள்தான். அங்கே என்னை நன்றாகவே சேர்த்துக்கொண்டார்கள். எப்படிச் சேர்ந்தேன் என்பதை வீட்டில் சொன்னதில்லை. எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், அங்கேயும் சொன்னதில்லை.

வட மாவட்டத்துச் சின்ன டவுன் ஒன்றில் அரசு உதவி பெறும் கல்லூரி அது. மூணு வருஷத்துப் பிள்ளைகளையும் சேர்த்தால் ஐந்நூறு பேர் தேறாது. பி.ஏ. தமிழில் நாங்கள் முப்பத்திரண்டு பேர். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டாள்: “எந்த ஊரு?” சொன்னேன். “ஊர்ல எங்க?” பேசாமல் இருந்தேன். “தேரடிப் பக்கமா?”

மூன்று கேள்விதான். சாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழி நம்ம ஊர்களில் தெருவாக, பஸ் ஸ்டாப்பாக, ஆஸ்டல் பெயர்ப்பலகையாக ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். பட்டணத்துப் பெரிய கல்லூரி என்றால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவில் கொஞ்ச காலம் பேர் தெரியாமல் இருந்துவிடலாம். சின்னக் கல்லூரியில் பொய் சொன்னால்தான் ஒளிய முடியும்.

“ஆமா, தேரடிப் பக்கம்தான்” என்றேன்.

எங்க ஊர்த்தெருப் பிள்ளைகள் அந்த வருஷம் யாரும் அங்கே சேரவில்லை. அதனால் பொய் தாங்கியது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க நான் தினமும் உழைக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு எதிரே காலனி ஸ்டாப். அதை விட்டுவிட்டு அரை மைல் நடந்து தேரடி ஸ்டாப்பில் போய் பஸ் ஏறுவேன். “கருவாடு வெக்காதம்மா, தயிர் சோறு போதும்” என்பேன். எங்கம்மாவுக்கு ஒன்றும் புரியாது. “படிக்கிற புள்ளைக்கு வாய் மாறிப் போச்சு” என்று சிரிக்கும். மத்தியானம் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். “மார்க்கே இல்லாம கோட்டாவுல வந்துடுதுங்க” என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு நான் கொடுத்த விலை அந்தச் சிரிப்பு.

அந்த விலையை நான் மட்டும் கொடுக்கவில்லை.

எங்க காலனியிலிருந்து இன்னொரு பெண்ணும் அதே வகுப்பில் சேர்ந்திருந்தாள். முறைக்கு எனக்குத் தங்கச்சி. ரெண்டு வீடு தள்ளி இருந்தாள். “எந்தத் தெரு?” என்றவர்களிடம் “காலனி” என்று நேராகச் சொல்லிவிட்டாள். அதோடு அவள் பெஞ்சு காலி. தேரடியில் நான் பஸ் ஏறும்போது அவள் முன்னமே ஏறி உட்கார்ந்திருப்பாள். பக்கத்து சீட்டு காலியாக இருக்கும். நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். “அவ ஒங்க ஊருதானே, தெரியுமா?” என்று என் கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். “பாத்திருக்கேன்” என்றேன். ஒரே வேப்பமரத்தடியில் விளையாடி வளர்ந்தவள். பாத்திருக்கேனாம்!

ஆகஸ்ட் மாதம் ஒருநாள் வகுப்பு நடுவில் ஆசிரியர் சொன்னார்: “எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பாரம் வாங்காதவுங்க எந்திரிங்க.” பையன்கள் ஆறு பேர் எழுந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அவள் மட்டும் எழுந்தாள். நான் நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான். “அங்க ஒருத்தி உக்காந்திருக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லாரும் போனபிறகு ஆபீசுக்குப் போனேன். உதவித்தொகை இல்லாமல் எங்கப்பாவால் படிக்க வைக்க முடியாது. சாதிச் சான்றிதழைப் பார்த்த கிளார்க், “கிளாஸ்ல கேக்கும்போது எந்திரிக்க வேண்டியதுதானே?” என்று வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். யார் காதில் விழுந்ததோ தெரியாது. ரெண்டு நாள் கழித்து மத்தியானம் சோற்று டப்பாவோடு போனேன். “நாங்க சாப்ட்டுட்டோம்ப்பா” என்றார்கள். மறுநாளும் சாப்பிட்டிருந்தார்கள். யாரும் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்றால் என்னவென்று எழுதுவது? எனக்கு முந்தியே சாப்பிட்டுவிட்டார்கள் என்றா?

அப்போதாவது நான் அவளிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நூலக மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரே வகுப்பில், ஒரே காலனிப் பெண்கள் ரெண்டு பேர், ரெண்டு மூலையில் தனித்தனியாகச் சாப்பிட்டோம். சாதி நம்மை மற்றவர்களிடமிருந்து மட்டுமா பிரிக்கிறது? இரண்டாம் வருஷம் அவள் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வேன் ஏறிவிட்டாள். வீட்டில் கஷ்டம் என்றார்கள். கஷ்டம் எங்க வீட்டிலும்தான் இருந்தது.

அந்த வருஷம் வேறொரு ஊர்க் காலனியிலிருந்து ஒரு பெண் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். முதல் நாளே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் எதிரில் உட்கார்ந்தேன். “எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு, அவள் கேட்பதற்கு முன்னாடியே “நான் காலனி” என்றேன். அன்றைக்கு அம்மா வைத்திருந்தது கருவாட்டுக் குழம்பு. வருஷக் கடைசியில் அந்த வட்டத்தில் ஒன்பது பேர். அதில் ரெண்டு பேர் ஊர்த்தெருப் பிள்ளைகள், தாமாக வந்து உட்கார்ந்தவர்கள். எனக்கு இயக்கம் என்று ஒன்று தொடங்கியது அந்தச் சோற்று டப்பாவில்தான்.

ஒத்துப் போவதும் போகாததும் மாணவரின் குணத்தைப் பொறுத்தது என்று பேசுகிறார்கள். கலகலப்பாகப் பழகு, ஒதுங்கி நிற்காதே என்று அறிவுரை சொல்கிறார்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அம்பேத்கர் 1918ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உடன் பணியாற்றியவர்கள் ஆட்சேபித்தார்கள். அவருக்குப் பழகத் தெரியாததாலா? நாம் வாங்குகிற மேற்படிப்பு உதவித்தொகை 1944ல், அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. அதை வாங்க எழுந்து நிற்பதை அவமானமாக்கி வைத்தவர்கள் யார்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உதவித்தொகை பற்றி வகுப்பில் சொல்லும்போது சாதி வெளிப்படக் கூடாது, மாணவர்களைத் தனியே அழைத்து விவரம் வாங்கி ரகசியம் காக்க வேண்டும் என்று அதில் ஒரு பரிந்துரை உண்டு. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2007ல் அது இருந்திருந்தால் அவளைத் தனியாக எழுப்பி நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் ரகசியத்தால் பிள்ளைக்கு அன்றைக்குப் பாதுகாப்பு கிடைக்கும். தெரிந்தால் டப்பாவை மூடிக்கொள்கிற கை அப்படியேதான் இருக்கும். அந்தக் கையைப் பற்றிக் கல்லூரி பேச வேண்டும். பேசாதவரை ஒத்துப் போகிற வேலை எல்லாம் நம்ம பிள்ளைகள் தலையில்தான்.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொல்லி முடித்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “அந்த அத்தகிட்ட இப்பப் பேசுறியா, அத்த?” என்றாள்.

பேசுகிறேன். கூழ் ஊற்றும்போது அவள் ஊருக்கு வருவாள். பிள்ளைகள் படிப்பு, மாமியார் உடம்பு எல்லாம் பேசுவோம். அந்த ஆகஸ்ட் மாதத்தை மட்டும் அவளும் எடுக்க மாட்டாள், நானும் எடுத்ததில்லை.

“சேத்துக்குவாங்களான்னு பாத்துக்கிட்டு நிக்காத” என்றேன். “போன அன்னிக்கே யார் தனியா உக்காந்திருக்காங்கன்னு பாரு. போயி பக்கத்துல உக்காரு. தெருவக் கேட்டா நம்ம தெருவச் சொல்லு.”

தலையாட்டினாள். அடுத்த வாரம் சேர்கிறாள். இந்த ஆடிக்கு அவளுடைய அந்த அத்தை ஊருக்கு வருகிறாள். பதினேழு வருஷத்துக்கு மேலாகிறது. அவளிடம் நான் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.