பொன்னுக்கு வீங்கியும் பெயரறியாக் கட்டியும்

காதின் கீழ்க் கன்னம் வீங்கினால் கழுத்திற் பொற்சங்கிலி அணிவிப்பது நம்மவர் வழக்கம். பொன்னுக்கு வீங்கி என்னும் அந்நோய், சங்கிலி இருப்பினும் இல்லாவிடினும் இரண்டொரு வாரத்தில் தானே அடங்கும். புகழ் மட்டும் பொன்னுக்குப் போய்ச் சேரும். இம்மட்டில் பெருந்தீங்கு இல்லை. நோவின்றி மெல்ல வளரும் கட்டிக்கும் அதே சங்கிலியைப் பூட்டுங்கால்தான் தீங்கு விளைகின்றது.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுட் பெரும்பாலன காதடிச் சுரப்பியிலே தோன்றுவன. அவற்றுள்ளும் பெரும்பகுதி புற்று அல்ல. ஆயினும் புற்றல்லாத கட்டியும் பல்லாண்டு விடப்பட்டாற் சிலவேளை புற்றாய் மாறும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வகைகளோ 30க்கு மேற்பட்டன. சதைத்துணுக்கை மெல்லியதாய்ச் சீவி, ஊதாவும் செம்மையுமான வழக்கச் சாயமிட்டு நுண்ணோக்கியிற் பார்த்தால், அவற்றுட் பல ஒன்றுபோலவே தோன்றும்.

இங்கேதான் அடையாளப் பொருள்கள் உதவுகின்றன. எதிர்ப்பொருள் ஒவ்வொன்றும் தனக்குரிய புரதத்தையே பற்றும். பற்றிய இடத்தைச் சாயம் காட்டிவிடும். அமெரிக்க அறிஞர் ஆல்பர்ட் கூன்ஸ் 1941இல் ஒளிரும் சாயத்தை எதிர்ப்பொருளோடு இணைத்துக் காட்டியதே இம்முறைக்கு வித்து. 2010இல் செக் நாட்டு நோயியலறிஞர் அலேனா ஸ்காலோவாவும் அவர்தம் கூட்டாளிகளும், அதுகாறும் வேறொரு புற்றின் பெயரால் எண்ணப்பட்டு வந்த ஒரு கட்டியைத் தனி வகையெனப் பிரித்தனர். எஸ்-100, மாமாகுளோபின் ஆகிய இரண்டும் அதில் தோன்றும். பழைய வகையிற் பளிச்சிடும் டாக்-1 இதில் பெரும்பாலும் தோன்றாது. இரண்டு மரபணுக்கள் முறிந்து ஒட்டிக்கொள்வதே இதன் மூலம். அவ்வகை ஒட்டுடைய முற்றிய புற்றுக்கு லாரோட்ரெக்டினிப் என்னும் மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்குமன்றோ?

எஸ்-100 ஒன்றையே கண்டு தீர்ப்புக் கூறலும் ஆகாது. பலவகைக் கட்டிகளில் அது காணப்படும். ஒரு கட்டியை வகுக்க விஞ்ஞானிகள் இத்தனை சான்று கேட்கின்றனர். மனிதனை வகுக்க நம்மவர்க்குத் தகப்பன் சாதிப்பெயர் ஒன்றே போதும்!

கேமரன் மலையில் நாம் கணக்கெழுதும் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் அம்மையொருவர் மூன்றாண்டாகக் காதடிக் கட்டியும் கழுத்துச் சங்கிலியுமாய் இருந்தார். “வலியே இல்லையே, கிராணி ஐயா” என்பதே அவர் மறுமொழி. வலியின்மை நற்சான்று ஆகாதென்று பலகாற் சொன்னோம். வாய் ஒருபுறம் கோணத் தொடங்கிய பின்னரே இசைந்தார். முகநரம்பு அச்சுரப்பியினூடே செல்வதால் அக்குறி அஞ்சத்தக்கது. ஊசியால் எடுத்த துணுக்கின் சாய முடிவு இன்னும் வரவில்லை. செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே விடுப்பு எழுதி வருகின்றோம்.