அளவறிந்த அன்பு

நுழையும்முன்

வாயில்லா உயிர்கள் தம் நோயை எடுத்துரைப்பதில்லை. உண்ண மறுப்பதே அவற்றின் முறையீடு. அதைக் கேட்பதற்கு அன்பு வேண்டும். கேட்டபின் செயலாற்ற அறிவு வேண்டும். நெசவாளர் இல்லத்துப் பூனையொன்று நோயுற்றபோது கற்றுக்கொண்டதைப் பகிர்கிறது இக்கட்டுரை.

பறவையின் பெயரால் ஓர் ஊர்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரத்திற்கு அருகில் உள்ளது திருப்புட்குழி. 'புள்' என்பது பறவை. சீதையை மீட்கப் போரிட்டு வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் மகனாக நின்று இறுதிக்கடன் ஆற்றிய இடம் இது என்பது ஊரார் நம்பிக்கை. 'புள்' என்பதும் 'குழி' என்பதும் புணர்ந்து 'புட்குழி' ஆயிற்று. இங்குள்ள விசயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்விய தேசங்களுள் ஒன்று, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்றது. கோயில் குளத்தின் பெயர் ஜடாயு தீர்த்தம். இதே நிகழ்ச்சியைப் புள்ளபூதங்குடியும் புள்ளிருக்குவேளூரும் தம்முடையதாகச் சொல்லிக்கொள்கின்றன. ஒரு பறவையின் இறுதிப்பொழுதை உரிமை கொண்டாட இத்தனை ஊர்கள்!

இவ்வூரில்தான் என் தமக்கை வாழ்க்கைப்பட்டாள். மாமா பட்டு நெசவாளர். வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தபடி அவர் நெய்வார். நெசவாளர் வீட்டில் பூனை வெறும் செல்லப்பிராணி அன்று, காவலாள். ஓர் எலி ஓரிரவு பாவில் பல் வைத்துவிட்டால் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அந்தக் காவலுக்கு வந்தவள்தான் 'சரிகை'. கருமுதுகில் ஓடிய மஞ்சள் கோட்டைப் பார்த்து மாமா வைத்த பெயர் அது.

உணவை மறுத்த சரிகை

ஒரு காலாண்டு விடுமுறையின் தொடக்கத்தில் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, சரிகை ரெண்டு நாளா எதையும் தொடல. தறிக்குழியிலேயே படுத்துக் கிடக்கு" என்றாள். அன்று மாலையே சென்றேன்.

வழக்கமாக வாசலிலேயே கேட்கும் தறியோசை கேட்கவில்லை. மாமா தறிக்கு வெளியே அமர்ந்திருந்தார். "தூக்கி வெளியே விட்டாலும் திரும்ப வந்து மிதிக்குப் பக்கத்துலயே படுத்துக்குது. கால வைக்க மனசு வரல" என்றார். சேலை முடிந்தால்தான் கூலி. அரைநாள் தறி நிற்பது அந்த வீட்டிற்குச் சிறிய இழப்பன்று.

எனக்கோ எல்லாம் தெரியும் என்ற எண்ணம். பட்டினி கிடக்கும் உயிருக்கு உணவைப் புகட்டினால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். பாலாடையில் பாலை எடுத்து, பூனையின் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து ஊற்றினேன். அது திணறியது, மூக்கின் வழியே பால் வந்தது, இருமியபடி என் கையைக் கீறிவிட்டு நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அன்றிரவு முழுவதும் என்னைக் கண்டால் பின்வாங்கியது. என் கையில் இருந்த கீறலைவிட அந்தப் பின்வாங்கல் என்னை வருத்தியது.

மருத்துவர் சொன்ன பாடம்

மறுநாள் காலை மூங்கில்கூடையில் துணி விரித்துச் சரிகையைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசென்றோம். மருத்துவர் முதலில் அதைத் தொடவில்லை. கூடையைத் தரையில் வைத்து, அது தானாகத் தலைநீட்டும்வரை காத்திருந்தார். பின் வாயைப் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. "இதற்குப் பசி இல்லாமல் இல்லை, மெல்லத்தான் முடியவில்லை" என்றார்.

நான் பாலூற்றியதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். பூனையின் பட்டினி மனிதர் இருக்கும் நோன்பைப் போன்றதன்று. உணவு நின்றால் உடலின் கொழுப்பு கரைந்து கல்லீரலில் சென்று குவியும். கல்லீரல் தன் வேலையைச் செய்ய இயலாமல் மஞ்சள்காமாலை தோன்றும். எனவே ஒருநாள் முழுதும் பூனை உண்ணாவிட்டாலே கவனிக்க வேண்டும். தலையைச் சாய்த்து ஊற்றினால் நீர்மம் மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரலைக் கெடுக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை. "இன்னொன்று, வலிக்கிறதே என்று நம் வீட்டுப் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு" என்றார்.

தோலுக்கடியில் நீர்மம் செலுத்தி மருந்தும் தந்தார். பூனை மோப்பத்தால் உண்ணும் உயிர். எனவே உணவைக் கைச்சூட்டுக்குச் சூடாக்கினால் மணம் எழுந்து பசியைத் தூண்டும். வெங்காயமும் பூண்டும் கூடா. ஊசி நீக்கிய மருந்துக்குழலால் கன்னத்தின் ஓரமாகச் சில துளிகள் மட்டும் விட்டு, அது விழுங்கியபின்னரே அடுத்த துளி. "அவசரப்படாதீர்கள், அது உங்களை மீண்டும் நம்ப வேண்டும்" என்பதே அவர் இறுதியாகச் சொன்னது.

பூனையின் பிடி

அன்று மாலை ஜடாயு தீர்த்தக் கரையில் அமர்ந்திருந்தேன். இராமானுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் இது என்பது வைணவ மரபு. அவருக்குப் பின் வந்தோர் இறையருளை விளக்க இரண்டு விலங்குகளைக் காட்டினர். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ எதுவும் செய்யாது, தாயே அதைக் கவ்விச் செல்லும். முன்னது மர்க்கட நியாயம். பின்னது மார்ச்சால நியாயம்.

சரிகை தன் குட்டிகளைக் கவ்விச் சென்றதை நான் பார்த்திருக்கிறேன். எலியைக் கொல்லும் அதே பற்கள்தாம். ஆயினும் குட்டியின் கழுத்தில் ஒரு கீறலும் விழுவதில்லை. வேறுபாடு பல்லில் இல்லை. பிடியின் அளவில் இருக்கிறது. முதல்நாள் என் கைகளில் அன்பு இருந்தது, அளவு இல்லை.

வீடு திரும்பி இதைச் சொன்னபோது மாமா சிரித்தார். "பாவும் அப்படித்தானே? இழுத்துக் கட்டினா அறும். தளர விட்டா நெசவு நிக்காது. கைக்குத் தெரியணும்" என்றார்.

மீண்டும் எழுந்த தறியோசை

மூன்று நாள்கள் இரவு பகலாகத் துளித்துளியாக ஊட்டினோம். அக்கா மீனை உப்பின்றி வேகவைத்து, முள் நீக்கி, மசித்து வைப்பாள். எத்தனை துளி உள்ளே சென்றது என்பதை நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டோம். பிழைக்குமா என்று எவரும் கேட்டுக்கொள்ளவில்லை. இராமனால் ஜடாயுவைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவன் அருகிருந்தான், அது சொன்னதைக் கேட்டான். அதைத்தான் இவ்வூர் நினைவில் வைத்திருக்கிறது.

நான்காம் நாள் காலை சரிகை கூடையில் படுத்திருந்தது. மாமா தறியில் இறங்கினார். நாடா ஓடும் ஓசை எழுந்ததும் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் விரல்நுனியில் சிறிது மீன்மசியலைத் தொட்டு, நீட்டாமல், தரையருகே வைத்துக் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து எழுந்து வந்தது, மோந்தது, சொரசொரப்பான நாவால் ஒருமுறை நக்கியது. பிறகு மறுமுறையும்.

அக்கா கண்களைத் துடைத்துக்கொண்டாள். மாமா தறியை நிறுத்தவில்லை.

உடல் தேறியபின் சொத்தைப்பல் அகற்றப்பட்டது. இன்றும் நான் சென்றால் சரிகை உடனே நெருங்குவதில்லை. சற்றுத் தொலைவில் அமர்ந்து பார்க்கும். நானும் அழைப்பதில்லை. அது வரும்வரை காத்திருக்கிறேன்.

தெரிந்து தெளிவோம்

பூனையின் பழம்பெயர்களுள் ஒன்று 'பூசை'. காட்டுப்பூனையை 'வெருகு' என்றனர். கீரி, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைப்பெயர் 'குட்டி' என்கிறது தொல்காப்பிய மரபியல். தம் காப்பிய முயற்சியைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிட விழைந்த பூசையின் செயலோடு ஒப்பிட்டார் கம்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப்பெயரில் விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் பெயர் உள்ளதா? ஊர்ப் பெரியோரிடம் கேட்டு, பெயர்க்காரணத்தைத் தொகுத்து எழுதுக.
2. 'அன்புக்கும் அளவு உண்டோ?' என்னும் தலைப்பில் உங்கள் பட்டறிவு ஒன்றைக் கட்டுரையாக்குக.