இது வேலையா, படிப்பா?

பட்டம் வாங்கியாகிவிட்டது, இனி வேலைக்குப் போக வேண்டியதுதானே என்று தோட்டத்துப் பெற்றோர் கேட்பதில் தவறில்லை. பிள்ளையின் முதல் சம்பளத்தை எதிர்பார்த்துத்தான் எத்தனையோ வீடுகளில் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி மின்னணுப் பொறியியலில் பட்டம் பெற்றாள். ஒரே வாரத்தில் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று தொழிற்சாலையில் நிரந்தர வேலை. மற்றொன்று பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் வேலை, சம்பளம் குறைவு. அவள் தந்தை இரண்டையும் என்னிடம் கொண்டுவந்து, "வாத்தியாரையா, இந்த ரெண்டாவது வேலையா, படிப்பா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான், அண்ணே" என்றேன்.

பேராசிரியர் ஒருவர் ஓர் ஆய்வுக்காக அரசாங்கத்திடமோ நிறுவனத்திடமோ மானியம் பெறுகிறார். அந்தப் பணத்திலிருந்து உதவியாளருக்கு மாதந்தோறும் படித்தொகை கொடுக்கிறார். உதவியாளர் அந்த ஆய்வையே வைத்து முதுகலைப் பட்டமோ முனைவர் பட்டமோ பெறலாம். ஆனால், மானியம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். இதை மறைக்காமல் சொன்னேன்.

"அப்படி என்ன ஆராய்ச்சி?" என்றார். இயந்திரக் கற்றல் என்றேன். கணினிக்கு ஒவ்வொரு விதியாகச் சொல்லித்தராமல், ஆயிரக்கணக்கான உதாரணங்களைக் காட்டிப் பழக்குவது அது. இத்துறைக்கு அடிப்படை அமைத்த ஹாப்ஃபீல்ட், ஹின்டன் இருவருக்கும் 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. செம்பனைக் குலையின் படத்தைப் பார்த்து, அது பழுத்ததா காயா என்று சொல்லக் கணினியைப் பழக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. அந்தக் கணிப்பைத் தோட்டத்துக்குள்ளேயே செய்யும் சிறு கருவியை அமைப்பது மின்னணுப் பொறியாளரின் வேலை.

அவர் சிரித்துவிட்டார். "உதிரிப்பழத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியுமே!"

உண்மைதான். படத்தில் இருப்பது பழுத்த குலை என்று முதலில் ஒரு மனிதன் சொன்னால்தான் கணினி கற்க முடியும். அவர் முப்பது வருடம் வெயிலில் நின்று கற்றது அது.

இரண்டு நாள் யோசித்தார். பிறகு, "போகட்டும். ஆனா எத்தனை மாசம்னு எழுதி வாங்கிக்கிட்டுப் போகட்டும்" என்றார். அவரைவிட நல்ல ஆலோசனை நான் சொல்லிவிட முடியாது.

பெற்றோர்களே, இப்படிப்பட்ட கடிதம் உங்கள் வீட்டுக்கும் வரலாம். ஒப்பந்தம் எத்தனை மாதம்? படித்தொகை எந்தத் தேதியில் வரும்? படிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது? சேமநிதி உண்டா? மானியம் முடிந்தபின் படிப்பு பாதியில் நின்றால் என்ன வழி? பிள்ளையை இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். தெளிவான பதில் கிடைத்தால், சம்பளம் சற்றுக் குறைவு என்பதற்காக மட்டும் தடுக்காதீர்கள். வீட்டுக் கடன் பொறுக்காது என்றால், தொழிற்சாலைக்கு அனுப்புவதிலும் குற்றமில்லை. எதுவானாலும், பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.