அகிஹபாராவில் கட்டு கட்டலாம் வாங்க!

ரம்மி ஆடும்போது எல்லாருக்கும் பொதுவா ஒரே சீட்டுக்கட்டு. கலைச்சுப் போட்டா, கைக்கு வர்றதை வெச்சு ஒப்பேத்த வேண்டியதுதான். போகிமான் அட்டை விளையாட்டில் கதையே வேற! அவங்கவங்க கட்டை அவங்கவங்களே தயார் பண்ணி எடுத்துட்டு வரணும். ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து சரியா 60. அடிப்படை சக்தி அட்டைகளைத் தவிர, ஒரே பெயரில் 4-க்கு மேல் கூடாது. கேட்க ஈஸியா இருக்குல்ல? அந்த 60-ஐ முடிவு பண்றதுக்குள்ள தாவு தீர்ந்துடும் பாஸ்!

இந்த அவஸ்தையை ஆசை தீர அனுபவிக்க ஒரு இடம் இருக்கு. டோக்கியோவின் அகிஹபாரா. ரயிலை விட்டு இறங்கி 'எலெக்ட்ரிக் டவுன்' வாசல் வழியா வெளியே வாங்க. பக்கத்திலேயே நிக்குது, ரேடியோ கைகான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரேடியோ உதிரி பாகங்கள் வித்த பேட்டை இது. ரேடியோ இப்போ பெயர்ப் பலகையோட சரி. 2014-ல் புதுசா கட்டித் திறந்த இந்தக் கட்டடத்தில் மாடிக்கு மாடி பொம்மை, காமிக்ஸ், அட்டைக் கடைகள்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள அட்டைகள் தகதகன்னு மின்னும். விலையைப் பார்த்தா செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வரும்! மயங்கிடாதீங்க. மினுக்குற அட்டையோ, சாதா அட்டையோ... அட்டை அதேன்னா ஆட்டத்தில் செய்யற வேலையும் அதேதான். இன்னொண்ணு, ஜப்பானின் கோடைப் புழுக்கத்தில் மினுக்கல் அட்டை லேசா வளையும். நேரான 59 அட்டைக்கு நடுவுல வளைஞ்சது ஒண்ணு இருந்தா, 'அடையாளம் வெச்ச அட்டை'ன்னு நடுவர் கூப்பிட்டுக் கேட்பார். அதனால நேரா மூலையில் இருக்கிற மலிவு டப்பாக்களுக்குப் போங்க. சில பத்து யென்னுக்கு வேண்டியது கிடைக்கும். அட்டையின் கீழ் மூலையில் குட்டியா ஒரு எழுத்து இருக்கும், அதைப் பார்க்காம வாங்காதீங்க. வருஷா வருஷம் பழைய எழுத்துகளுக்கு முக்கியப் போட்டிகளில் 'கெட் அவுட்' சொல்லிடுவாங்க.

இப்போ கொஞ்சம் கணக்கு. (ஓடாதீங்கப்பா!) ஆரம்பத்தில் கைக்கு 7 அட்டை. ஒரு அட்டையை 4 பிரதி வெச்சிருந்தாலும், அது முதல் கையிலேயே வர வாய்ப்பு 40 சதவிகிதம்தான். அடிப்படை போகிமான் ஒண்ணுகூட வராட்டி மறுபடி கலைக்கணும், எதிராளிக்கு ஓசியில் ஒரு அட்டை. கட்டில் அடிப்படை போகிமான் 10 இருந்தா, நாலு ஆட்டத்தில் ஒண்ணு இப்படித்தான் தொடங்கும். 14 ஆக்கினா ஏழில் ஒண்ணு. ஆனா அந்தக் கூடுதல் நாலுக்கு வேற எந்த நாலைத் தூக்குறது? தவிர, 6 அட்டையைப் பரிசு அட்டைகளா கவிழ்த்து வைக்கணும். ஒரே பிரதியா நீங்க பொத்திப் பொத்தி வெச்ச அட்டை, பத்து ஆட்டத்தில் ஒரு ஆட்டம் அங்கே போய்ப் படுத்துக்கும்!

கணக்கைவிடப் பெரிய தலைவலி, மத்தவங்க என்ன கொண்டு வருவாங்கங்கிறதுதான். 2023-ஐ எடுத்துக்கோங்க. அப்போ மியூ விமேக்ஸ்னு ஒரு கட்டு எல்லாரையும் மிரட்டுச்சு. மியூவின் உயிர் 310. இருள் வகைதான் அதன் பலவீனம், அடி இரட்டிப்பா விழும். ட்ரேபியன் வி-ன்னு ஒரு இருள் அட்டை, 190-ஐ இரட்டிச்சு 380-ஆ அடிச்சு ஒரே போடாப் போடும். எதிரில் இருக்கிறது மியூ கூட்டம்னா சக்தி அட்டைகூடத் தேவைப்படாமல் போகலாம். சூப்பர்ல? ஆனா எதிராளி மியூ கொண்டு வரலைன்னா ட்ரேபியன் சும்மா பாரம். அந்த ஒரே ஒரு இடத்துக்காக ராத்திரி முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டவங்க எத்தனை பேரோ!

என்னைக் கேட்டா, முடிவை மேஜைக்கு விடுங்க. கடைகளுக்குள்ளேயே விளையாட இடம் உண்டு, 'டூயல் ஸ்பேஸ்'னு பேரு. உட்கார்ந்ததும் எதிரில் இருக்கிறவர் தலையைக் குனிஞ்சு 'யோரோஷிகு ஒனேகாய்ஷிமாசு' என்பார். நீங்களும் குனிஞ்சு சொல்லுங்க, மொழிப் பிரச்னை பாதி தீர்ந்துடும். ஒரே கட்டோட இருபது ஆட்டம் ஆடிப் பாருங்க. எந்த அட்டை கைக்கு வந்ததும் 'ச்சே'ன்னு தோணுதோ அதை எடுத்துடுங்க. கடைகளில் நடக்கும் குட்டிப் போட்டிகளில் பெரும்பாலும் ஒரே ஆட்டம்தான், ஒரு மோசமான கை வந்தாலே காலி. அங்கே அதிரடியைவிட, சொன்ன பேச்சு கேட்கிற கட்டுதான் நல்லது. பெரிய போட்டிகளில் மூணுக்கு ரெண்டு, 50 நிமிஷம். பழக்கமில்லாத கட்டை எடுத்துட்டுப் போய் யோசிச்சுக்கிட்டே உட்கார்ந்தா, மணி அடிச்சிடும்.

அகிஹபாராவிலிருந்து வான நீலக் கோடு போட்ட ரயிலில் ஏறினா, முக்கால் மணி நேரத்தில் யோகோஹாமாவின் சகுராகிச்சோ. அங்கிருந்து கடற்காத்து வாங்கிட்டே நடந்தா பசிஃபிகோ யோகோஹாமா அரங்கம். 2023 ஆகஸ்ட் 11 முதல் 13 வரை உலகப் போட்டி நடந்தது இங்கேதான். ஜப்பானில் அதுதான் முதல் தடவை. பெரியவர்கள் பிரிவில் ஜெயிச்சவர் அமெரிக்காவின் வான்ஸ் கெல்லி. அவர் கையில் இருந்தது... எல்லாருக்கும் தெரிஞ்ச, எல்லாரும் மருந்து தேடிவெச்சிருந்த அதே மியூ!

அவரோட 60 அட்டையையும் அப்படியே அச்சடிச்சு, பெட்டியில் போட்டு அப்புறம் வித்தாங்க. வாங்கி ஃப்ரெண்ட்ஸோட ஆடிப் பார்க்கலாம். ஆனா போட்டிக்கு எடுத்துட்டுப் போக முடியாது... பின்பக்க டிசைனையே மாத்தித்தான் அச்சடிச்சிருக்காங்க!