கட்டுவளையம்

உழவனுக்கு மாட்டுவண்டி எப்படியோ, கேமரன் மலை மக்களுக்கு லேண்ட்ரோவர் அப்படி. தேயிலைத் தோட்டத்து உரமூட்டையும், காய்கறித் தோட்டத்து முட்டைக்கோசுக் கூடையும், கலியாண வீட்டு அண்டாவும் அதில்தான் ஏறி வரும். கலியாணப் பெண்ணே அதில் வந்து இறங்கியதும் உண்டு. 1963இல் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அபு பாக்கார் அணைக்குக் கீழே விரிந்து கிடக்கும் எங்கள் லெம்பா பெர்த்தாமில், தார்ச்சாலை முடிந்து சேற்றுப்பாதை தொடங்கும் இடத்திலிருந்து அதன் ஆட்சிதான். ஆயினும் நான் இங்கு எழுத முற்படுவது அவ்வண்டியின் புகழை அன்று. அதன் சரக்குப் பெட்டியின் தரையில், கைக்கு அடக்கமாக இருக்க வேண்டிய நான்கு இரும்பு வளையங்களைப் பற்றியே எழுத விழைகிறேன். கயிற்றைக் கட்டுவதற்கு உரிய வளையங்கள் அவை. பெரும்பாலான பழைய வண்டிகளில் அவை இரா. இருப்பவற்றிலும் நம்பத் தக்கவை சிலவே.

அதற்கு ஒரு காரணம் உண்டு. லேண்ட்ரோவர் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் பார்வைக்கு வந்தது. உலகப் போர் முடிந்த காலம் அது. இங்கிலாந்தில் எஃகுக்குப் பெருந்தட்டுப்பாடு. ஆகவே அடிச்சட்டத்தை எஃகினாலும் மேற்கூட்டைப் பெரும்பாலும் அலுமினியக் கலவைத் தகட்டினாலும் செய்தார்கள். அலுமினியம் எளிதில் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. மழை மிகுந்த நம் மலைக்கு அது நல்லதாயிற்று. இராணுவம் ஏலத்தில் கழித்த பழைய வண்டிகள் மலையேறி வந்து, இன்றுவரை உழைத்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், மழையைத் தாங்கும் தகடு இழுப்பைத் தாங்காது. மென்மையான அத்தகட்டில் ஒரு கொக்கியை மட்டும் திருகி வைத்து, அதில் அரை டன் சுமையைக் கட்டுவது ஓலைச்சுவரில் ஆணி அடித்து ஊஞ்சல் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் மக்கள் கயிற்றை எங்கே கட்டினார்கள்? கித்தான் கூரையைத் தாங்கும் வளைகுழாயில் கட்டினார்கள். பின்கதவின் சங்கிலியில் கட்டினார்கள். 1981ஆம் ஆண்டு, நான் ஐந்தாம் வகுப்பு மாணவனாக இருந்தபோது, மலைச்சாலையின் ஒரு வளைவில் அத்தகைய குழாய் ஒன்று தன் குழியிலிருந்து கழன்று வந்தது. கட்டியிருந்த உரமூட்டைகள் சரிந்தன. பின்கதவருகே அமர்ந்து வந்த தொழிலாளி ஒருவரின் இடக்கால் மூட்டைகளுக்கும் இரும்புக்கும் இடையே சிக்கிக்கொண்டது. அவர் பிழைத்தார். ஆனால் அதன்பின் கொழுந்துச் சரிவில் அவரால் ஏற இயலவில்லை. சரிவில் ஏற இயலாதவருக்குத் தோட்டத்தில் என்ன வேலை? அவருடைய மூத்த மகள் என் வகுப்புத் தோழி. அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை. தாயுடன் கொழுந்து பறிக்கப் போனாள். அந்தத் தோட்டத்தின் பெயரும் அவர்களின் பெயரும் இங்கு வேண்டா. கயிறு அறவில்லை, ஓட்டுநர் கண்ணயரவில்லை. கயிறு கட்டிய இடம் கைவிட்டது; ஒரு பெண்ணின் படிப்பு அதனோடு போயிற்று.

பெற்றோர் ஒருவர் எங்கள் பள்ளிக்குத் தம் பழைய நீள லேண்ட்ரோவரை அவ்வப்போது தந்து உதவுகிறார். புத்தகக் கட்டு, மேசை நாற்காலி, விளையாட்டு விழாவுக்கு வேண்டிய கொட்டகைக் குழாய் ஆகியவற்றை ரிங்லெட்டிலிருந்து அதில்தான் கொண்டு வருகிறோம். அதற்கு நான்கு கட்டுவளையங்கள் வேண்டுமென்று விலை கேட்டேன். ஆயத்தமாகக் கிடைப்பவற்றின் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே எங்கள் வட்டாரத்துப் பட்டறைக்காரரிடம் போனேன். எழுபதை நெருங்கும் அவர், நான் தாளில் வரைந்து சென்ற வளையத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வளையம் நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. ஆனா வளையம் என்னைக்கும் உடையாதுங்க. தகட்டையும் பிச்சிக்கிட்டு முழுசா வந்திரும். அடியில என்ன வைக்கப் போறீங்க?”

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற பல பாடங்களைக் காட்டிலும் அந்த ஒரு வினா கூர்மையானது. சுமையின் இழுப்பு கயிற்றில் தொடங்கி, வளையம், போல்ட்டு, தகடு எனக் கைமாறி அடிச்சட்டத்தில் போய் அடங்க வேண்டும். இடையில் ஒரு கை தளர்ந்தாலும் மற்றவற்றின் வலிமையால் பயனில்லை.

நாங்கள் செய்த முறை இது. பழைய இரும்புக் கடையில் 12 மில்லிமீட்டர் பருமனுள்ள வழவழப்பான இரும்புக் கம்பியை எடைக்கு வாங்கினோம். கட்டடத்து முறுக்குக் கம்பியைப் பட்டறைக்காரர் ஒதுக்கிவிட்டார். அது எவ்வகை எஃகு என்று தெரியாமல் பற்றவைத்தால், பற்றவைத்த இடமே நொறுங்கக்கூடும் என்றார். துத்தநாகம் பூசிய இரும்பையும் தவிர்த்தோம். சூட்டில் அது எழுப்பும் வெண்புகை குளிர்காய்ச்சலை உண்டாக்கவல்லது. கம்பியைக் கவிழ்த்து வைத்த ‘ப’ எழுத்தைப் போல் வளைத்து, 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின்மேல் இரு காலையும் சுற்றிலும் பற்றவைத்தோம். இந்த வேலை முழுவதும் பட்டறையிலேயே முடிந்தது. வண்டியில் வைத்துப் பற்றவைத்தால் எரிபொருளுக்கும் மின்கம்பிகளுக்கும் தீங்கு நேரலாம்.

பிறகு, அலுமினியத் தரைக்கு அடியில் எஃகுக் குறுக்குச்சட்டம் ஓடும் இடங்களைக் கண்டறிந்தோம். மேலே வளையத் தகடு, கீழே சட்டத்தைத் தழுவி நிற்கும் அதனினும் அகலமான மற்றொரு தகடு; இரண்டையும் 10 மில்லிமீட்டர் போல்ட்டு நான்கினால் இறுக்கினோம். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுப்பு வரை அது அறாது என்பதைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்வரும் எட்டு, அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிலையாக நீண்டுவிடாது என்பதைக் குறிக்கும். இவ்வளவு சிறிய எழுத்தில் இவ்வளவு பெரிய உறுதிமொழியை நான் வேறெங்கும் கண்டதில்லை. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப் போகும். ஆதலால் தகடுகளுக்குத் துருக்காப்புப் பூச்சு அடித்து, இடையில் பழைய டயர்க்குழாயின் இரப்பரை வெட்டி வைத்தோம். நான்கு வளையங்களுக்கும் ஆன செலவு 38 வெள்ளி. பட்டறைக்காரர் கூலி பெற மறுத்துவிட்டார்.

செலவு குறைந்தது மகிழ்ச்சியே. ஆனால் தாங்குமா? இதைக் கணக்கினால் கேட்க வேண்டும். மலைவாழ் ஓட்டுநர்கள் சரிவுக்கு அஞ்சுவார்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் செங்குத்தான பாதையில்கூட, 400 கிலோ சுமை சரிவின் வழியே தள்ளுவது ஏறத்தாழ 80 கிலோ அளவுதான். திடீரென்று பிரேக் பிடித்தால் சுமை முன்னோக்கித் தள்ளும் வலிமையோ, தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு எனக் கொள்ளுதல் ஐரோப்பியச் சரக்குக்கட்டு விதிகளின் வழக்கம். 400 கிலோவுக்கு அது 320 கிலோ. பின்வளையங்கள் இரண்டும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 160. கயிறு தரையோடு 45 பாகைக் கோணத்தில் சாய்ந்து இறங்குவதால், கயிற்றின் இழுப்பு 226 கிலோவாக உயரும். ஆகவே ஒரு வளையத்துக்கு 250 கிலோ என்று வரையறுத்து, அதன் இரு மடங்கைத் தாங்குகிறதா என்று சோதிக்கத் துணிந்தோம்.

500 கிலோ இழுப்புக்கு எங்கே போவது? ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்துச் சென்று அதே வினாவை அவர்களிடம் விட்டேன். சிறிது நேரம் சலசலப்பு. பின்னர் ஒரு சிறுமி, “நெம்புகோல், ஐயா” என்றாள். வலுவான இரும்புக் குழாய் ஒன்றை எடுத்தோம். தாங்குபுள்ளியின் இந்தப் பக்கம் 30 சென்டிமீட்டரில் வளையம். அந்தப் பக்கம் 150 சென்டிமீட்டரில் 50 கிலோ உரமூட்டை இரண்டு. நூறு கிலோ ஐந்து மடங்காகி 500 கிலோவாக இழுத்தது. மாணவர்களை நான் வெகுதொலைவில் நிறுத்தியிருந்தேன். பத்து நிமிடம் அப்படியே விட்டு, பின் அளந்தோம். வளையம் வளையவில்லை, பற்றவைப்பில் கீறல் இல்லை. நான்கையும் அவ்வாறே சோதித்த பின்னரே வண்டியில் பூட்டினோம்.

வளையம் வலுவாயிற்று என்பதற்காக மற்றவை எல்லாம் வலுவாகிவிடா. கயிற்றில் போடும் முடிச்சு அதன் வலிமையைப் பாதியளவு வரை குறைக்கக்கூடும். வெயிலில் கிடந்து வெளிறிய நைலான் கயிறு பார்வைக்குக் கயிறு, வேலைக்கு நார். கூர்முனையில் உராயும் கயிற்றுக்கு அடியில் ஒரு சாக்குத்துண்டு வேண்டும். மயிற்பீலியானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததை எந்த வளையமும் மாற்ற இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கோடு ஆள் ஏறலாகாது. பிள்ளைகள் ஏறவே கூடாது. இதனைப் பள்ளியின் விதியாகவே எழுதி வைத்துள்ளோம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு மலிவு என்பது பழகிய தோழன். இருப்பதைக் கொண்டு செய்துகொள்வதில் நம் பாட்டன்மார் வல்லவர்கள். அவ்வாறு செய்யாதிருந்தால் நம் பள்ளிகளே எழுந்திரா. ஆனால் மலிவில் இருவகை உண்டு. ஒன்று, உழைப்பையும் அறிவையும் கூட்டிச் செலவைக் குறைப்பது. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பொருளைக் குறைத்துவிட்டு மேலே வண்ணம் பூசுவது. முதலாவது சிக்கனம், இரண்டாவது, பிறர் காலை ஈடு வைத்து நாம் வாங்கும் கடன். இவ்விரண்டையும் பிரித்தறியும் கண்ணை மாணவருக்குத் தராத கைத்தொழில் பாடம் நிறைவுறாத பாடமே.

இப்போது அவ்வண்டியின் சரக்குப் பெட்டியில், “வளையம் ஒன்றுக்கு 250 கிலோ, மொத்தச் சுமை 400 கிலோ” என்று மாணவர்களே வெள்ளை வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். மழையில் அந்த எழுத்து மங்கும்போதெல்லாம் புதுப்பிப்பது ஆறாம் வகுப்பின் பொறுப்பு. புதுப்பிப்பதற்கு முன், வண்டிக்கு அடியில் தலையை நீட்டி நான்கு தகடுகளையும் பதினாறு நட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை.