கோடம்பாக்கத்தில் ஒரு நாள்

சென்ற தவணையின் இறுதி நாளன்று எங்கள் கல்லூரியில் நாடக விழா. விழா முடிந்து, மண்டபத்தின் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தேன். அரிச்சந்திரனாக நடித்த உயர்தர வகுப்பு மாணவன், முகத்து அரிதாரத்தைக் கழுவாமலே என்னிடம் வந்தான்.

"சேர், சோதினை முடிய நான் சென்னைக்குப் போய்ப் படத்திலை நடிக்கப் போறன். நீங்கள் ஒருக்கா அப்பாவோடை கதைக்க வேணும்."

மறுநாள் பதில் சொல்வதாகக் கூறி அவனை அனுப்பினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, மனைவியிடங்கூடச் சொல்லாத ஒரு நாள் என் வாழ்வில் உண்டு. அது அவ்விரவு முழுவதும் என் கண்முன் நின்றது.

2001ஆம் ஆண்டு. போர்க்காலம். தந்தையார் என்னைப் பட்டப்படிப்புக்காகச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். திருவல்லிக்கேணியில் ஒரு மாடி விடுதியில் மூவரோடு ஓர் அறையில் வாசம். அவ்வாண்டுப் பரீட்சைக் கட்டணத்துக்காக அம்மா தம் காப்புகளை ஈடுவைத்து அனுப்பிய பணம் என் பெட்டியில் இருந்தது. பாடசாலை மேடையில் அரிச்சந்திரனாக நான் அழுதபோது ஊரே அழுதது என்ற நினைவு என் தலையில் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

எனக்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் 1917இல் நம் மலைநாட்டிலே, நாவலப்பிட்டியில் பிறந்தவரல்லவா? நாவலப்பிட்டியிற் பிறந்தவர் நாடாண்டார். நாவற்குழியிற் பிறந்தவன் நடிகனாகவேனும் ஆகக்கூடாதா? இப்படி ஓடியது என் தருக்க சாத்திரம்! அவர் 'சதிலீலாவதி'யில் முதன்முதல் தோன்றியது 1936இல் என்பதும், 'ராஜகுமாரி'யில் கதாநாயகனானது 1947இல் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன. இடையிலுள்ள பதினோராண்டுகளை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

பரீட்சைப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, நின்றும் இருந்தும் சிரித்தும் சினந்தும் பன்னிரண்டு புகைப்படங்கள் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் அதிகாலையில் எழும்பூரில் மின்சார ரயிலேறிக் கோடம்பாக்கத்தில் இறங்கினேன். கலைஞர்களும் அரண்மனைகளும் நிறைந்த ஒரு பட்டணத்தை எதிர்பார்த்துச் சென்ற என்னை, காய்கறி வண்டிகளும் புழுதியும் பேருந்துகளின் இரைச்சலும் வரவேற்றன. ஆற்காடு சாலை வழியே வடபழனி நோக்கி நடந்தேன். ஒருகாலத்தில் ஆசியாவிலேயே பெரிய படப்பிடிப்பு நிலையம் எனப் பெயர் பெற்ற வாகினி எங்கே என்று வினவினேன். ஒருவர் விஜயா மருத்துவமனையின் பக்கமாகக் கையைக் காட்டினார். 1957இல் 'மாயா பஜார்' உருவான இடத்தில் நோயாளர் வரிசையில் நின்றனர். இன்று அங்கே பெரிய அங்காடி மாளிகையும் எழுந்துவிட்டது. அந்த மாயா பஜார் மறைந்து, மெய்யான பஜாரே வந்துவிட்டது.

வடபழனி முருகனை வணங்கி, ஏ. வி. எம். நிலையத்தின் வாயிலை அடைந்தேன். காரைக்குடியில் இருந்த அந்நிறுவனத்தை மெய்யப்பச் செட்டியார் 1948இல் இங்கே கொணர்ந்தார். சிவாஜி கணேசனின் முதற்படமான 'பராசக்தி' 1952இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. வாயிலில் உயரத்தே நின்ற உலக உருண்டையை அண்ணாந்து பார்த்தவாறே உள்ளே நுழையப் போனேன். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். என் படங்களைக் காட்டினேன். அவர் அவற்றைப் பார்க்கவுமில்லை, என்னை ஏசவுமில்லை. நாள்தோறும் என்னைப்போல் எத்தனை பேரைக் கண்டாரோ!

அடுத்து, பக்கத்துத் தெருவொன்றில் புதுமுகங்கள் தேவை என்று பலகை தொங்கிய ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். பேசிக் காட்டச் சொன்னார்கள். சுடலையில் அரிச்சந்திரன் புலம்பும் கட்டத்தை நெஞ்சுருகப் பேசினேன். முடிந்ததும் மேசைக்குப் பின்னாலிருந்தவர், "மலையாளமா?" என்று கேட்டார். நல்லூர்க் கந்தன்மேல் ஆணையாக, அத்தருணத்தில் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. ஆயினும் முகவெட்டு நன்றாயிருக்கிறதென்றும், ஐந்நூறு ரூபா கட்டிப் பெயரைப் பதிந்தால் கடிதம் வருமென்றும் அவர் சொன்னபோது, அம்மாவின் காப்புப் பணத்திலிருந்து எண்ணிக் கொடுத்தேன். கடிதம் வரவேயில்லை.

வெளியே ஒரு தேநீர்க்கடையில் துணை நடிகர் சிலர் நின்றனர். ஓர் முகவர் ஆட்களை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. சங்க அட்டை உண்டா என்றார், இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, "ஏறு" என்று வண்டியைக் காட்டினார். இப்படியாக நானும் நடிகனானேன்.

உள்ளே ஒரு கிராமத் தெருவே நின்றது. திண்ணைகள், ஓட்டுக் கூரைகள், கல் மண்டபம் ஒன்று. மண்டபத் தூணை விரலாற் சுண்டினேன்; வெற்றுப் பெட்டிபோல் ஒலித்தது. ஒட்டுப்பலகையும் சாந்தும்! சுற்றிச்சென்று பார்த்தால், வீடுகளுக்குப் பின்புறமே இல்லை. சவுக்குக் கழிகள் முட்டுக்கொடுத்து நின்றன.

ஊர்ப் பெரியவரின் சவ ஊர்வலம் எங்கள் காட்சி. நான் கடைசி வரிசை. எனக்கருகில் அறுபது வயதை நெருங்கிய ஒருவர் நின்றார். முப்பது ஆண்டுகளாக இதே தொழிலாம். ஒரே காட்சியைப் பதினான்கு முறை எடுத்தார்கள். வெயில் ஏறியது. ஐந்தாம் முறையோடு நான் ஊர்வலத்தில் உலாவத் தொடங்கிவிட்டேன். அவரோ பதினான்கு முறையும் கண்ணீர் விட்டார். பின்வரிசை கமராவில் விழாது என்று உதவி இயக்குநர் ஒருவர் சொல்லிப் போனார். அதன்பிறகும் அவர் அழுதார்.

"யாருக்கும் தெரியப் போவதில்லையே ஐயா, எதற்கு அழுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"செத்தவனுக்கு வேண்டியவன் ஒருத்தன் பின்வரிசையிலும் இருப்பானில்லே தம்பி?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் அரிச்சந்திரன் இறந்துபோனான். நான் அழுதது ஊர் பார்த்ததற்காக. அவர் அழுதது அந்தக் காட்சிக்காக. மாலையில், முகவரின் பங்கு போக, நூறு ரூபாய்த் தாள் ஒன்று கிடைத்தது. பதிவுக் கட்டணத்தைப் பற்றிச் சொன்னேன். பெரியவர் தலையிலடித்துக்கொண்டார். "முதல்ல படிப்பை முடி. அப்புறமும் பசி இருந்தா வா" என்று கூறிப் பேருந்தேற்றிவிட்டார்.

பசி இருக்கவில்லை. அதனை அறிந்துகொண்ட வகையில் அந்த நாள் எனக்கு நட்டமன்று. ஆனால் அவ்வாண்டுப் பரீட்சை எனக்குத் தவறியது. அம்மா மறுபடியும் பணம் தேடினார், ஏனென்று கேட்கவில்லை. அந்தக் காப்புகள் மீளவேயில்லை. அம்மாவும் இன்று இல்லை.

மறுநாள் அம்மாணவனை அழைத்து இதனைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொன்னேன். போ என்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. பணம் கேட்பவனிடம் பெயரைப் பதியாதே என்றேன். பதினோராண்டுகளைக் கணக்கில் எடு என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "சேர், அந்தப் பின்வரிசை ஐயாவின்ரை பேர் என்ன?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. நான் கேட்கவேயில்லை. நான் கேட்கத் தவறியதை இவன் முதற்கேள்வியாகக் கேட்டுவிட்டான்.

வருகிற ஞாயிறு அவன் தந்தையாரைக் காணச் செல்கிறேன்.